இருபத்தொன்பதாம் நடைமேடை

என் இரவல் நூலகத்தில் புத்தகத்தைத் திருப்பித் தருபவர்கள் மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். என் அக்கா அன்று அதைத் தூக்கிப் போட்டாள்.

"முந்நூத்தி நாப்பது பக்கம் படிச்சேன். கடைசி வரைக்கும் அவ வரவே இல்லடி."

"யாரு வரல?"

"குரலுக்குச் சொந்தக்காரி."

அக்காவின் முகத்தை இந்த ஊரில் பத்துப் பேருக்குத் தெரிந்தால் அதிகம். குரலைத் தெரியாதவர்கள் கிடையாது. பல் டாக்டரிடம் வரவேற்பறையில் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அவள் வேலை. பதினான்கு வருடங்களுக்கு முன் பல் பிடுங்க வந்த பேருந்து நிலைய அதிகாரி ஒருவர் அந்தக் குரலைக் கேட்டு, வலியையும் மறந்து, அறிவிப்பு சொல்லக் கூட்டிப் போனார்.

ஜன்னலில்லாத ஒரு சின்ன அறை. ஊர்ப் பெயர்களைத் தனியாக, நடைமேடை எண்களைத் தனியாகச் சொல்ல வைத்துப் பதிந்தார்கள். ஒன்றாம் நடைமேடை முதல் பதினெட்டாம் நடைமேடை வரை. அப்போது இருந்தது அவ்வளவுதான். அந்த வாரம் அவளுக்கு ஜலதோஷம். 'நடைமேடை' என்பதற்கு முன்னால் லேசாக எச்சில் விழுங்குவாள். ஒலிப்பதிவுக்காரர் அதை வெட்டவில்லை. காது கொடுத்துக் கேட்டால் இன்றும் தெரியும்.

வீட்டில் அவளுக்கு 'மைக்' என்று பெயர் வந்துவிட்டது. அவள் மகள் குட்டி, இரண்டு வயதில், நிலையத்துக்குப் போனால் ஸ்பீக்கரைப் பார்த்துத்தான் கையாட்டுவாள். எல்லோரும் சிரிப்போம். எனக்குச் சிரிப்பு நின்றது பிறகு ஒரு நாள். டைபாய்டில் அக்கா வாய் திறக்க முடியாமல் கிடந்தாள். மருந்து வாங்கப் போன வழியில், நிலையத்தில், அவள் குரல் ஒரு குறையுமில்லாமல் பேசிக்கொண்டிருந்தது. உடம்பு சிலிர்த்துவிட்டது. இதுவரை அவளிடம் அதைச் சொன்னதில்லை.

போன வருடம் நிலையத்தை நீட்டி முப்பது நடைமேடைகள் ஆக்க ஆரம்பித்தார்கள். மீதிப் பன்னிரண்டு எண்களுக்கும் கூப்பிடுவார்கள் என்று அக்கா அன்றிலிருந்து ஐஸ் தண்ணீரைத் தொடவில்லை. குளியலறையில் 'பத்தொன்பதாம்' என்று சொல்லிப் பழகுவாள். "மைக் உள்ளே போயிருக்கு, வெளியே வரத் தாமதமாகும்" என்று அத்தான் அறிவிப்பார். கூப்பிடத்தான் யாருமில்லை.

அப்போதுதான் குட்டி என் அலமாரியிலிருந்து அந்த நாவலை எடுத்துப் போனாள். வருங்காலத்தில் ஒரு நகரம். கம்பத்துக்குக் கம்பம் ஸ்பீக்கர். எப்போது எழ வேண்டும், எப்போது தூங்க வேண்டும் என்று ஒரு பெண் குரல் உத்தரவு போடும். பதினாறு வயதுப் பெண் ஒருத்தி எதிர்த்து நிற்பாள். "அம்மா, இது உன் கதைதான்" என்று குட்டி சொன்னதும் அக்காவுக்கு வாயெல்லாம் பல். அந்தக் குரல்காரியை எங்கேயோ பூட்டி வைத்திருப்பார்கள், அந்தப் பெண் போய்க் கதவைத் திறப்பாள் என்று பக்கம் பக்கமாகக் காத்திருந்திருக்கிறாள். கடைசியில் வயரைப் பிடுங்குகிறார்கள், குரல் நிற்கிறது, ஊரே கைதட்டுகிறது. அவ்வளவுதான்.

"சின்னப் பசங்களுக்கு எழுதின கதைக்கா. ஒரு வில்லன், ஒரு புரட்சி, கொஞ்சம் காதல். அதுல போய் என்னத்தத் தேடறே?" என்றேன்.

"குட்டியும் அதையேதான் சொல்றா. அது மெஷினாம், ஆளே கிடையாதாம். ஆள் இல்லாம குரல் எப்படிடி வரும்? அவளுக்கே அது மெஷின்னு ஆயிட்டா, அப்புறம் நான் யாரு?"

அன்று மாலை குட்டி பள்ளிச் சுற்றுலாவிலிருந்து திரும்பி, பேருந்து நிலையத்தில் வந்து இறங்க வேண்டும். கடையைப் பூட்டிவிட்டு நானும் கூடப் போனேன்.

புதுப் பகுதியை அன்று காலைதான் திறந்திருந்தார்கள். பெயிண்ட் வாடை இன்னும் போகவில்லை. பாதி நடைமேடைகளில் பேருந்தே இல்லை. தலைக்கு மேலே அக்கா பேசினாள்: "இருபத்தொன்பதாம் நடைமேடைக்கு வந்து சேரும்."

பக்கத்தில் நடந்த அக்கா நின்றுவிட்டாள்.

"நான் அதைச் சொல்லலடி."

மறுபடியும் அறிவிப்பு வந்தது. அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள். "எச்சில் விழுங்குது பாரு."

விழுங்கத்தான் செய்தது. அவள் என்றைக்கும் பதிந்து கொடுக்காத எண்ணுக்குப் பிறகு, அவளுடைய பழைய ஜலதோஷத்தோடு.

அங்கேயே நின்று ஒலிப்பதிவுக்காரருக்குப் போன் போட்டாள். அவர் உற்சாகமாகப் பேசியது எனக்கும் கேட்டது. "இப்பல்லாம் கம்ப்யூட்டரே உங்க குரல்ல பேசிடுதுக்கா. உங்களை எதுக்குச் சிரமப்படுத்தணும்னுதான் கூப்பிடல."

"என்ன வேணா பேசுமா?"

"என்ன வேணாலும்."

போனை வைத்தபோது பள்ளிப் பேருந்து வந்து நின்றது. இறங்கிய குட்டி எங்களைக் கவனிக்காமல் முதுகைக் காட்டிக்கொண்டு கூட்டத்தோடு வேறு பக்கம் நடந்தாள். அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டு, கணீரென்று கூப்பிட்டாள்.

"குட்டி, அம்மா இங்க இருக்கேன்."

வரிசையில் நின்ற அத்தனை பேரும் அண்ணாந்து ஸ்பீக்கரைப் பார்த்தார்கள். குட்டியும் பார்த்தாள். அடுத்து என்ன சொல்லப்போகிறது என்று தலையைத் தூக்கியபடியே காத்து நின்றாள்.

அக்கா இரண்டாவது முறை கூப்பிடவில்லை. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவள் தோளைத் தொட்டாள்.

குட்டி திடுக்கிட்டுத் திரும்பினாள். "நீ எப்பம்மா வந்தே?"