மோவாய்க்குக் கீழே வரும் குறடு

அந்தப் பல் மருத்துவமனையில் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளே கிடையாது. எல்லோருக்கும் அவள் தாடைக்காரம்மா. பல் பிடுங்கும் அறையில் அவளுக்கு ரெண்டே வேலை. டாக்டர் கேட்கிற கருவியை எடுத்துக் கொடுக்க வேண்டும், நோயாளியின் தாடையைக் கீழிருந்து தாங்க வேண்டும். இதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்கிறவர்கள் ஒருநாள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து பார்க்கட்டும், தெரியும் சேதி. கடைவாய்ப் பல்லை யாரும் வெடுக்கென்று இழுத்துப் பிடுங்குவதில்லை. ஈறை விலக்கி, சின்ன நெம்புகோலை இடுக்கில் கொடுத்து அசைத்து, அதற்கு அப்புறம்தான் குறடு. குறட்டை வேர்ப்பக்கமாக அழுத்தி, வெளியேயும் உள்ளேயும் மெல்லச் சாய்த்துச் சாய்த்து எலும்பை விரிய வைக்க வேண்டும். அந்த அழுத்தத்தில் தாடை மூட்டு நழுவாமல் காப்பது அவள் கைதான்.

கருவியைக் கொடுப்பதற்கும் ஒரு முறை உண்டு. நோயாளியின் கண்ணெதிரே எதையும் நீட்டக் கூடாது. மோவாய்க்குக் கீழே, நெஞ்சை ஒட்டினாற்போலக் கொண்டுபோய் டாக்டரின் உள்ளங்கையில் வைக்க வேண்டும். குறட்டைப் பார்த்தாலே பாதிப் பேருக்குப் பாதி உயிர் போய்விடும். "ஒண்ணுமில்ல, சும்மா பார்க்கிறாங்க" என்று சொல்லிக்கொண்டேதான் கொடுப்பாள். பொய்தான். அந்தப் பொய்யால் அதுவரை யாரும் கெட்டுப்போனதில்லை.

அவள் புருஷன் காய்கறிச் சந்தையில் ஏலம் கூவுகிறவர். அவர் குரல் சந்தை வாசலைத் தாண்டித் தெருமுனை வரைக்கும் கேட்கும். "ஊரையே எழுப்புற வாய், ஊசின்னா மட்டும் பூட்டிக்கும்" என்று அவள் கேலி பேசுவாள். அந்தப் பயத்தில்தான் மனிதர் கீழ்க் கடைவாய்ப் பல் ஆடுவதைப் பற்றி மாசக்கணக்கில் வீட்டில் மூச்சுவிடாமல் இருந்தார். ஒருநாள் காலையில் டீ குடிக்கும்போது அது உதட்டோரம் வழிந்து சட்டையில் சொட்டியது. அவருக்குத் தெரியவே இல்லை.

"என்னங்க, வழியுது பாருங்க."

"எங்க?" என்று தடவிப் பார்த்தார். "இந்தப் பக்கம் உதடு கொஞ்ச நாளாவே மரத்துக் கிடக்கு. உங்க ஆஸ்பத்திரியில ஊசி போட்டா மரக்குமே, அதே மாதிரி. பல்லு வேற ஆடுது."

ஊசி போடாமலே உதடு மரத்து, பல்லும் ஆடுகிறது என்று யாராவது வந்தால், டாக்டர் குறட்டைத் தொடவே மாட்டார். முதலில் படம் எடுக்க அனுப்புவார். அப்படி அனுப்பப்பட்டவர்களில் சிலர் அப்புறம் என்ன ஆனார்கள் என்பதும் அவளுக்குத் தெரியும்.

அன்றைக்கே அவரைக் கூட்டிப்போனாள். படத்தில் பல்லின் வேரைச் சுற்றி எலும்பு அரித்துப்போயிருந்தது. டாக்டர் ஈறிலிருந்து துளி சதையை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். புற்றுநோய் என்று முடிவு வந்தது. கீழ்த்தாடையில் ஒரு பக்கத்தை எடுத்தாக வேண்டும், அதுவும் சீக்கிரம்.

"அக்கா, நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?" என்று டாக்டர் அவளைத் தனியே கேட்டார். "அவர் தெரிஞ்சு சம்மதிக்காம கத்தி வைக்க முடியாது."

"நானே சொல்லிடறேன் டாக்டர்."

சொன்னாளா? எங்கே சொன்னாள்! முதல் நாள், "ஒண்ணுமில்லங்க, வேர்ல சீழ் கட்டியிருக்கு" என்றாள். அடுத்த நாள், "பல்லோட கொஞ்சம் எலும்பையும் சுரண்டணுமாம்" என்றாள். குறட்டை ஒளித்தே பழகிய கை, இதையும் மோவாய்க்குக் கீழாகவே கொண்டுபோகப் பார்த்தது. குறடு என்றால் கொஞ்ச நேரத்தில் பல் தட்டில் விழும், நோயாளி பஞ்சைக் கடித்துக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவான். இதை எத்தனை நாள் ஒளிப்பது? இவள் வாயை மூடிக்கொண்டிருந்த ஒவ்வொரு நாளும் அந்த நோய் அவர் எலும்பைத் தின்றுகொண்டிருந்தது. அது தெரிந்தும் வாய் வரவில்லை. பாவி மனசு, என்ன செய்யும்?

ஒரு வாரம் பொறுத்த டாக்டர் கடைசியில் கடிந்துகொண்டார். "இன்னும் தள்ளிப்போட்டா மறு பக்கமும் போயிடும் அக்கா. இன்னிக்கு மதியம் அவரை வரச் சொல்லுங்க. நீங்க சொல்லலைன்னா நான் சொல்றேன்."

மதியம் அறை காலியாக இருந்தது. அவள் புருஷன் நாற்காலியில் சாய்ந்திருந்தார். அவள் வழக்கம்போல அவர் தலைக்குப் பின்னால் நின்று, தேவையே இல்லாமல் தட்டில் கருவிகளை நேராக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா" என்றார் அவர், திரும்பாமலே. "அழுகின தக்காளிய அடியில போட்டு மேல நல்லதா அடுக்கிட்டு வர்றவன் மூஞ்சி எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். ஒரு வாரமா உன் மூஞ்சி அப்படித்தான் இருக்கு. கூடையக் கொட்டிக் காட்டு."

அவள் சுற்றி வந்து அவர் கண்ணெதிரே நின்றாள். காதுக்குக் கீழே விரலை வைத்து, தாடை ஓரமாகவே மோவாய் வரை இழுத்துக் காட்டினாள்.

"இங்கேர்ந்து இதுவரைக்கும். கேன்சருங்க. எலும்போட எடுக்கணும்."

அவர் அவள் விரல் போன வழியே தன் தாடையைத் தடவிப் பார்த்தார். "பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க. தாடையே போனா?"

"பேசலாம். இப்ப மாதிரி தெளிவா வராது. கூவ முடியாது."

"எடுக்கலைன்னா?"

'ஒண்ணுமில்ல' என்பது நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அதை விழுங்கினாள். "நீங்க இருக்க மாட்டீங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார். ஒரு பக்கம்தான் சிரித்தது. "பாதியத்தானே கேக்கறாங்க. பரவால்ல, கட்டுப்படியாகும்." நாற்காலியின் கைப்பிடியில் விரலால் தட்டினார். "ஒரு தரம்" என்றார், சந்தையில் யாரும் கேட்டிராத மெல்லிய குரலில். மறுபடி தட்டினார். "ரெண்டு தரம்."

அதற்குமேல் வரவில்லை. அவர் மோவாய் நடுங்கியது. பழக்கதோஷத்தில் அவள் கை தானாகப் போய் அதைத் தாங்கிக்கொண்டது.

"மூணாவத நீ சொல்லிடு. எனக்கு வாய் வரல."

வெளியே டாக்டரின் செருப்புச் சத்தம் கேட்டது. புருஷன் கண்ணை விட்டுத் தன் கண்ணை எடுக்காமல் அவள் சொன்னாள்.

"மூணு தரம்."