கம்பவுண்டரின் மச்சினனுக்கு வந்த வியாதி

மருந்துப் பாட்டிலைக் குலுக்கிக் கொடுப்பதுதான் கம்பவுண்டர் வேலை. குலுக்குகிற கை தானாகவே குலுங்க ஆரம்பித்தால் என்ன செய்வது என்று எங்களுக்கு யாரும் பாடம் நடத்தவில்லை. ஆஸ்பத்திரியில் குப்பை கொட்டியவர்களே, ஊசி போட்டவர்களே, படுக்கை விரித்தவர்களே, உங்களுக்கும் இது நடந்திருக்கும். நடக்கவே இல்லை என்று சொல்கிறீர்களா? ரொம்ப நல்லது. நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில் தென்காசியில் ஒரு சின்ன தனியார் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தேன். மொத்தம் நாலு பேர். டாக்டரய்யா, நர்சு எஸ்தரம்மா, வாசலில் காவலுக்குச் சுடலைமுத்து அண்ணாச்சி, மருந்து ஜன்னலுக்குப் பின்னால் நான்.

வெளிப்பூச்சு

விஷக்காய்ச்சல் ஊரையே படுக்கப் போட்ட வருஷம் அது. காலையில் ஜன்னலுக்கு வெளியே நிற்க ஆரம்பிக்கிற வரிசை சாயங்காலம் வரை அறுபடாது. அப்போதெல்லாம் நோயாளியே பாட்டில் கொண்டுவர வேண்டும். அதில் மிக்சர் மருந்தை ஊற்றி, வேளைக்கு எவ்வளவு என்று தெரிவதற்காக ஒரு காகிதத்தைப் பல் பல்லாக வெட்டிப் பக்கவாட்டில் ஒட்டிக் கொடுப்பேன். ஒருநாள் கீழப்பாவூர்ப் பெரியவர் ஒருவரை அனுப்பிவிட்டுத் திரும்பினால், அவருடைய மிக்சர் பாட்டில் மேஜையிலேயே இருக்கிறது. அவர் எடுத்துக்கொண்டு போனது, இன்னொருவருக்கு முட்டுவலிக்குத் தேய்க்க வைத்திருந்த தைலம். உள்ளே போனால் ஆளை முடித்துவிடும்.

கதவு வழியாகப் போகலாம் என்றுகூடத் தோன்றவில்லை. ஜன்னல் வழியாகக் குதித்தேன். வரிசையில் நின்ற இரண்டு பேரும் என்னோடு சேர்ந்து விழுந்தார்கள். வேட்டியைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டு வரை ஓடி, படியில் கால் வைத்தவரின் கையிலிருந்து பாட்டிலைப் பிடுங்கி, சரியான பாட்டிலைத் திணித்தேன். மூச்சு வாங்கியதில் பேச்சு வரவில்லை. பெரியவர் பழைய பாட்டிலையும் புதுப் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு நிதானமாகச் சொன்னார்:

"மொதல்ல குடுத்ததுதான் நல்ல மருந்து போலுக்கு. ஆளு தெரியாமக் குடுத்துட்டீரு, என்ன?"

பூட்டுக்கு நாடி

அன்றோடு என் தூக்கம் போயிற்று. கண்ணை மூடினால் அந்தப் பெரியவர் பாட்டிலைத் திறந்து வாயில் வைக்கிறார். விஷ மருந்து வைத்திருக்கிற அலமாரியைப் பூட்டுவேன். இழுத்துப் பார்ப்பேன். சாப்பாட்டுக்குக் கிளம்பி வாசலுக்கு வந்ததும், பூட்டினோமா என்று சந்தேகம் வரும். திரும்பிப் போய் இழுத்துப் பார்ப்பேன். தெருமுனை வரை போவேன், மறுபடியும் திரும்புவேன். வீடு கூப்பிடு தூரத்தில்தான். ஆனாலும் நான் போய்ச் சேர்வதற்குள் சோறு ஆறி, என் மனைவியின் முகம் சூடாகியிருக்கும்.

ஒருநாள் ஐந்தாவது தடவையாகத் திரும்பி வந்து, பூட்டைக் கையில் பிடித்து நூறு வரை எண்ணிக்கொண்டிருந்தேன். எண்பதைத் தாண்டும்போது பின்னால் செருமல் சத்தம். சுடலைமுத்து அண்ணாச்சி. எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. முகத்தில் சிரிப்பே இல்லாமல் கேட்டார்:

"நாடி எப்படி இருக்கு கம்பவுண்டரய்யா? பொழச்சுக்கிடுமா?"

மச்சினன்

தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் எங்கள் ஆஸ்பத்திரியில் பத்துப் பெயர் வைத்திருந்தோம். மனசு படுகிற பாட்டுக்கு மட்டும் ஒரே பெயர்தான்: கிறுக்கு. வைத்தியமும் ஒன்றுதான். தலை நிறைய எண்ணெய் வைத்துக் குத்தாலத்து அருவியில் கொண்டுபோய் நிறுத்துவது. அப்படி ஆட்களை இரண்டு பக்கமும் கையைப் பிடித்துத் தெரு வழியாகக் கூட்டிப்போவார்கள். நாங்களும் வாசலில் வந்து நின்று வேடிக்கை பார்ப்போம், வெட்கமில்லாமல். கம்பவுண்டருக்கே கிறுக்கு என்று தெரிந்தால் எவன் என் கையால் மருந்து வாங்குவான்? டாக்டர் வேறு ஆள் பார்த்துவிடுவார். வீட்டில் இரண்டு பிள்ளைகள்.

அதனால் இரண்டு வருஷம் மூடி மறைத்து ஓட்டிவிட்டு, கடைசியில் என் மனைவியின் தம்பி சங்கரனைப் பலி கொடுத்தேன். "ஐயா, கடையநல்லூர்ல என் மச்சினன் ஒருத்தன். தூக்கமே இல்ல. கை நடுங்குது. பூட்டுன பூட்டையே போய்ப் பாக்கான்" என்று டாக்டரிடம் சொன்னேன். பசி எப்படி, படபடப்பு உண்டா, எந்த நேரத்தில் அதிகம் என்று கேட்டுக்கொண்டே வந்தார். நானும் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே வந்தேன். "காலையில வரிசையப் பாத்தாலே வயித்தக் கலக்குதுய்யா. மிக்சர் வாடை பட்டாலே..." என்று ஆரம்பித்தவன், நாக்கைக் கடித்துக்கொண்டேன். டாக்டர் தலையை நிமிர்த்தவில்லை. அமைதிப்படுத்துகிற மருந்து ஒன்றைச் சீட்டில் எழுதி என் பக்கம் தள்ளினார்.

"உம்ம மச்சினன் எந்த ஆஸ்பத்திரியில கம்பவுண்டரா இருக்கான்?"

ராஜ மரியாதை

ஜவுளிக்கடை வைத்திருக்கிறான் என்று சொல்லிவிட்டு ஓடிவந்தேன். நானே மருந்தைக் கலந்து, பதிவேட்டில் சங்கரன் பெயரை எழுதி, நானே குடித்தேன். தூக்கம் வராத ஆளுக்குப் பகலெல்லாம் கொட்டாவி வந்ததுதான் மிச்சம். பதிவேட்டை எஸ்தரம்மாவும் பார்ப்பார் என்பது எனக்கு உறைக்கவில்லை.

இரண்டு மாதம் கழித்து நிஜமான சங்கரன், தலைப்பிரசவத்துக்கு மனைவியை எங்கள் ஆஸ்பத்திரிக்கே கூட்டிவந்துவிட்டான். பெயரைச் சொன்னதுதான் தாமதம், சுடலைமுத்து அண்ணாச்சி அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். எஸ்தரம்மா கத்தரிக்கோல் இருந்த தட்டைத் துணி போட்டு மூடி, "ஒண்ணுமில்ல, நீங்க நல்லாத்தான் இருக்கீங்க" என்று தாலாட்டுகிற குரலில் சொன்னார். அவனும், "ஆமாம்மா, எனக்கென்ன" என்றான். அதைக் கேட்டு அவர்கள் இன்னும் பயந்தார்கள். நான் மருந்தறைக்குள் வாயில் துண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. சங்கரன் இரண்டு கையையும் நீட்டினான். எஸ்தரம்மா குழந்தையைக் கொடுக்கவில்லை. நாலடி தள்ளி நின்று காட்டினார். நீட்டின கை அப்படியே நின்றது. அதற்கு மேல் என்னால் தாங்க முடியவில்லை. அவரைத் தனியே கூப்பிட்டு, "அம்மா, அந்த மருந்தக் குடிச்சது நான். கிறுக்கு எனக்குத்தான்" என்றேன். எஸ்தரம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார். நேரே போய்க் குழந்தையை அதன் அப்பன் கையில் வைத்தார். மறுவாரம் ஊருக்குக் கிளம்பும்போது சங்கரன் என் தோளைத் தட்டிச் சொன்னான்:

"அத்தான், இந்த மாதிரி மரியாதைய நான் எங்கயும் பாத்ததில்ல. ஒண்ணுக்குப் போனாக்கூட தொணைக்கு ஆளு வருது."

ஐந்தருவியில்

எஸ்தரம்மா யாரிடமும் மூச்சு விடவில்லை. ஆனாலும் எனக்குக் குத்தாலத்தை விட்டால் வழியில்லை என்று ஆகிவிட்டது. புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. சீசன் முடிந்து கூட்டம் போயிருந்தது. மழையில் தண்ணீர் மட்டும் விழுந்துகொண்டிருந்தது. ஆய்க்குடி முருகன் கோயிலுக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டுக் குத்தாலம் பஸ் ஏறினேன். பெரிய அருவியில் தெரிந்த முகம் இருக்கும் என்று ஐந்தருவிக்குப் போனேன். பாறை மறைவில் எண்ணெயை உச்சியில் வைத்துத் தேய்த்து, ஓடிப்போய்த் தண்ணீருக்கு அடியில் நின்றுகொண்டேன். ஆயிரம் பேர் சேர்ந்து தலையில் அறைகிற மாதிரி இருந்தது. ஆனால் ஒருத்தர் மேலும் கோபம் வரவில்லை.

பக்கத்தில் நின்ற ஆள் வழுக்கி என் தோளைப் பிடித்தார். திரும்பினேன். இடுப்பில் துண்டு, கண்ணாடி இல்லாத கண், தலையிலிருந்து எண்ணெய் வழிய டாக்டரய்யா. அருவி இரைச்சலில் ரகசியம் பேச முடியாது, கத்தித்தான் ஆக வேண்டும். "மச்சினனுக்காக வந்தீரா?" என்று என் காதில் கத்தினார். ஆமாம் என்று தலையாட்டி, "ஐயா?" என்று திருப்பிக் கத்தினேன். முகத்தை வழித்து விட்டுக்கொண்டு என் காதுக்கு இன்னும் கிட்டத்தில் வந்தார்.

"எனக்கு ஒரு சகலப்பாடி உண்டும்வே."

மூணு மணிக் காப்பி

பாறையில் உட்கார்ந்து இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் குரங்குகள் கொஞ்சம் தள்ளிப் போய் உட்கார்ந்தன. சிரித்து ஓய்ந்ததும், காய்ச்சல் வருஷத்திலிருந்து ஒவ்வொரு நாளும் காலையில் ஆஸ்பத்திரிக்குக் கிளம்புமுன் வாந்தி எடுப்பதாக டாக்டர் சொன்னார். வீட்டில் பித்தம் என்று சொல்லி வைத்திருந்தாராம். அடுத்த வாரமே ஒரு விதி போட்டார். மூணு மணிக்கு ஜன்னலைச் சாத்த வேண்டும். அரை மணி நேரம் நாலு பேரும் பின்கட்டில் காப்பி குடிக்க வேண்டும். மனசில் இருப்பதைச் சொல்லலாம், கிறுக்கு என்ற சொல்லை மட்டும் யாரும் சொல்லக்கூடாது.

முதல் இரண்டு நாளும் காப்பி உறிஞ்சுகிற சத்தம்தான் கேட்டது. மூன்றாம் நாள் எஸ்தரம்மா பேசினார். காய்ச்சல் வருஷத்தில் செங்கோட்டைப் பெண் ஒருத்தியின் கைக்குழந்தை அவர் மடியிலேயே போய்விட்டது. அன்றிலிருந்து தினமும் துணி அறையைச் சாத்திக்கொண்டு, போர்வையை வாயில் திணித்து அழுகிறாராம். ஜெபம் பண்ணுகிறார் என்று நினைத்து நாங்கள் அந்தப் பக்கம் செருப்புச் சத்தம்கூடக் கேட்காமல் நடந்திருக்கிறோம். ராஜினாமாக் கடிதம் எழுதி மூன்று வாரமாகப் பையிலேயே வைத்திருந்தார். அதை எடுத்து டாக்டர் முன்னால் வைத்தார். டாக்டர் பிரிக்கவில்லை. "இருபது நாள் வீட்டுல இருங்கம்மா. நாற்காலி இங்கனயே இருக்கும்" என்றார்.

இருபது நாளுக்குப் போன எஸ்தரம்மா பதினெட்டாம் நாளே வந்துவிட்டார். வீட்டில் எல்லோரும் தன்னை அருமையாகப் பார்த்துக்கொண்ட கொடுமை தாங்கவில்லை என்றார். எனக்கும் நடுக்கம் முழுசாகப் போகவில்லை. ஆனால் பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பதோடு சரி. எஸ்தரம்மா திரும்பி வந்த அன்று மூணு மணிக்கு நாங்கள் போட்ட சிரிப்பு தெரு வரை கேட்டிருக்கிறது. வெளியே காத்திருந்த ஒருவர் ஜன்னலைத் தட்டி, "காய்ச்சக்காரன் நாங்க வெளியே நிக்கோம். நீங்க உள்ள உக்காந்து சிரிக்கீங்க. உங்களுக்கு அப்படி என்னதாம்மா வியாதி?" என்று கேட்டார். எஸ்தரம்மா காப்பி டம்ளரைக் கீழே வைக்காமலே பதில் சொன்னார்:

"அதத்தான் அண்ணாச்சி பேசிக்கிட்டிருக்கோம்."

வருகிறவர்களிடமெல்லாம் 'மனசைப் போட்டு அலட்டிக்காதீங்க' என்று ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்லி அனுப்புகிற நாங்கள், எங்களுக்குள் ஒரு தடவை 'என்ன, முடியலையா?' என்று கேட்டுக்கொள்ள வருஷக்கணக்கானது என்பதுதான் எங்கள் தொழிலின் லட்சணம்.