நிழல் விழாமல் நின்றவர்

மணமேல்குடிப் பக்கம், உப்பங்கழிக்கு அப்பால் இருந்த எங்கள் திட்டுக்கு வள்ளத்தில் வந்து குழந்தைகளின் காதைச் சோதிப்பார் அந்த நர்ஸம்மா. கறுத்து மெலிந்தவர். தன் நிழல்கூடக் குழந்தையின் கண்ணில் படாதபடி பின்னால் நின்று, கிண்ணத்தில் கரண்டியைத் தட்டுவார்.

என் அக்காளின் ஒன்றரை வயது மகன் ஒவ்வொரு தட்டுக்கும் திரும்பினான்.

“பாத்தீங்களா, எம் புள்ளைக்குக் கேக்குது!” என்றாள் அக்காள்.

“ஆத்தா, நான் தட்டுறப்பல்லாம் நீ என்னையப் பாக்குற. ஒன் கண்ணப் பாத்துத்தான் திரும்புறான். கொஞ்சம் மூடிக்க.”

மூடினாள். கரண்டி மூன்று முறை ஒலித்தது. அவன் திரும்பவில்லை.

அழுத அக்காளிடம், “இனிமே பின்னாடி நின்னு கூப்புடாத. முன்னாடி வந்து பேசு,” என்றார்.

எங்களிடம் சொல்லிக்கொண்டு வள்ளம் வரை போனவர், மணலில் திரும்பி நடந்து வந்தார். அவன் முன்னால் குந்தி, முகம் பார்த்து, “போயிட்டு வாரேன்ப்பா,” என்றார்.

எங்கள் வீட்டில் படித்தவன் நான்தான். எனக்கு அது தோன்றியிருக்காது.