நல்லர்பரில் நின்றிருந்த கார்

இந்தச் சாலையில் எதிரே வருகிறவர்கள் எல்லோரும் ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை மட்டும் உயர்த்திக் காட்டிவிட்டுப் போகிறார்கள். “உனக்குத் தெரிஞ்சவங்களா?” என்று அம்மா கேட்டாள். இல்லை என்றேன். “அப்புறம் ஏன்டி கை காட்டறாங்க?” மனித முகம் எப்போதாவது தென்படுகிற இடத்தில் அப்படியொரு பழக்கம் வந்துவிடும் என்பதைத் தாம்பரத்திலிருந்து வந்தவளுக்கு எப்படி விளக்குவது?

அடிலெய்டிலிருந்து வேலை மாறி பெர்த்துக்குப் போய்க்கொண்டிருந்தேன். நடுவில் நல்லர்பர் சமவெளி. மரமே கிடையாது. வெளிறிய புதர், செம்மண், வானம், அவ்வளவுதான். “பேர்ல மட்டும் ‘நல்ல’ இருக்கு” என்றாள் அம்மா. அப்பா இறந்தபின் சில மாதங்களுக்கென்று அவளை அழைத்து வந்திருந்தேன். இங்கேயே இருந்துவிடச் சொல்லவேண்டும் என்று மனதில் இருந்தது. வாய் வரவில்லை.

தடையில்லாத சாலைதான் என்னை வதைக்கிறது. அப்பாவின் அடக்கத்துக்காகக் கடல் தாண்டி வந்து மீனம்பாக்கத்தில் இறங்கிய நான், பல்லாவரத்தில் மாட்டிக்கொண்டேன். அன்று வெள்ளிக்கிழமை. “சந்தை நாளு மேடம். இன்னா பண்றது, வண்டி நகரவே மாட்டேங்குது” என்றார் டாக்சி ஓட்டுநர். காரை விட்டிறங்கி, பெட்டியை இழுத்துக்கொண்டு, பழைய நாற்காலிகளுக்கும் பூச்செடிகளுக்கும் நடுவே ஓடி, ரயில் பிடித்துப் போனேன். கல்லறைத் தோட்டத்தில் ஈர மண்மேல் மாலைகள் கிடந்தன. அதற்குப் பிறகு காலியான சாலை எதைப் பார்த்தாலும் அதன் முடிவில் அப்பாவை இன்னும் மூடாமல் வைத்திருக்கிறார்கள் என்று தோன்றும். கால் தானாக வேகத்தைக் கூட்டிவிடும்.

“மெதுவா போம்மா” என்று அம்மா சொன்னபோதுதான் அந்த வெள்ளைக் காரைப் பார்த்தோம். சாலையோரம் நின்றிருந்தது. அதன் நிழலில், வெறும் தரையில், ஒரு வயதான வெள்ளைக்காரர் உட்கார்ந்திருந்தார். நிறுத்தி, உதவி வேண்டுமா என்று கேட்டேன்.

“ஷீஸ் ரைட், லவ்” என்றார்.

எல்லாம் சரியாக இருக்கிறது என்பதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். பள்ளியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வு பெற்ற அம்மாவுக்கு அது வேறாகக் கேட்டது. “அவங்க வீட்டம்மா நல்லாருக்காங்களாம். வெயில்ல உள்ளேயே உட்கார்ந்திருக்காங்களா?” என்றபடி இறங்கிப்போய்க் கார் சன்னலில் எட்டிப் பார்த்தாள். யாருமில்லை. “வேர் ஈஸ் மேடம்?” என்று அவரிடமே கேட்டாள்.

அவர் எழுந்து வந்து கார்க் கதவைத் திறந்தார். பிறகு பக்கத்து இருக்கையைக் காட்டினார். அங்கே சீட் பெல்ட் போட்டு ஒரு பெட்டி வைக்கப்பட்டிருந்தது.

மனைவியின் சாம்பல். ஒவ்வொரு பயணத்திலும் இந்த இடத்தில் நிறுத்தித் தேநீர் குடிப்பார்களாம். இங்கேயே தூவிவிடச் சொல்லியிருந்தாளாம். விடியலில் வந்தவரால் பெட்டியைத் திறக்க முடியவில்லை. அப்போதிருந்து இங்கேயே உட்கார்ந்திருந்தாராம். உதடுகள் காய்ந்து வெடித்திருந்தன. அம்மா முதலில் தண்ணீர் கொடுத்துக் குடிக்க வைத்தாள். பிறகு என்னைப் பார்த்து, “நான் செய்யட்டுமான்னு கேளு” என்றாள். தனக்குத் தெரிந்த ஆங்கிலம் அப்போது அவளிடம் இல்லை. கேட்டேன். அவர் தலையசைத்தார்.

அம்மா பெட்டியைத் திறந்து, உள்ளே இருந்த ஜாடியின் மூடியைத் திருகித் திறந்து அவர் கையில் கொடுத்தாள். அடியை மட்டும் தாங்கிப் பிடித்துக்கொண்டு தமிழில் ஜெபம் செய்தாள். அவர் சாய்த்தார். காற்று திசை மாறிக் கொஞ்சம் சாம்பலை அம்மாவின் சுடிதாரில் கொண்டுவந்து சேர்த்தது. அவர் பதறிப்போய் மன்னிப்புக் கேட்டார். அம்மா அதைத் தட்டிவிடவில்லை.

“ஆமென்” என்று அம்மா முடித்தபோது அவரும் சொன்னார்.

அவர் வண்டி கிளம்பும்வரை இருந்துவிட்டு நாங்களும் கிளம்பினோம். வெகுதூரம் போனபின், “அப்பா பக்கத்துல எனக்கு எடம் விட்டிருக்காங்க” என்றாள் அம்மா. “நான் திரும்பிப் போயிடுவேன். அத நீ கேக்கறதுக்கு முன்னாடியே சொல்லிடறேன்.”

தலையாட்டினேன்.

“உன்ன எங்கடி வைப்பாங்க?”

கண்ணாடியில் பார்த்தேன், பின்னால் நேர்க்கோடாக ஒரு சாலை. முன்னாலும் அதே சாலை, அதே புதர்கள், அதே வானம். உச்சி வெயிலில் காருக்கு நிழல்கூட இல்லை. யாராவது வண்டியை அப்படியே திருப்பி வைத்திருந்தால், போகிறேனா வருகிறேனா என்று எனக்குத் தெரிந்திருக்காது.