சம்பந்தி அனுப்பிய இடம்

பதினோரு வாரம். வாரத்துக்கு இரண்டு முறை என்றால் இருபத்திரண்டு முறை. இருபத்திரண்டு முறையும் கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு மேசை மேல் குப்புறப் படுத்து, உடம்பெல்லாம் எண்ணெயோடு எழுந்து வந்தேன். என் வலது கை தோள் உயரத்தைத் தாண்டவில்லை. சட்டையை இன்னும் மனைவிதான் மாட்டிவிட்டாள். எழுபத்து மூன்று வயதில், இன்னொருவர் கையை நுழைத்துவிடும்வரை பனியனோடு நிற்பது எப்படி என்று நிற்பவனுக்குத்தான் தெரியும்.

தோள்பட்டை இறுகிவிட்டது என்று சொன்ன டாக்டர், தினமும் சுவரில் விரல்களால் ஏறிப் பழகச் சொன்னார். கூடவே நல்ல ஆளாகப் பார்த்து மசாஜ் எடுக்கலாம், இழுக்க மட்டும் விடக்கூடாது என்றார். நல்ல ஆள் யார் என்று அவர் சொல்லவில்லை. சொன்னவர் என் சம்பந்தி, மகளின் மாமனார்.

"நம்ம ஆளுதான் சம்பந்தி. நான் சொன்னேன்னு சொல்லுங்க, ஸ்பெஷலா பாப்பான்."

ஸ்பெஷலாகத்தான் பார்த்தான். போர்டில் முக்கால் மணி நேரம் என்று இருக்கும். சுவர்க் கடிகாரத்தில் முப்பத்தொரு நிமிடத்துக்கு மேல் ஒரு நாளும் போனதில்லை. அதிலும் போனைக் காதுக்கும் தோளுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு, யாருடனோ பைக் விலை பேசிக்கொண்டே தேய்ப்பான். முதுகு, தொடை, பாதம் எல்லாம் முடிந்து தோளுக்கு வர ஆறு நிமிடம் மிச்சம் இருக்கும்.

"தோள்லதாம்பா வலி."

"எல்லாம் ஒரே நரம்புதான் ஐயா. பேசாம படுங்க."

பதினேழாவது முறை கையைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தான். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "இறுக்கம் உட்டுப்போச்சு" என்று சிரித்தான். வீட்டுக்கு வந்து சுவரில் விரலை ஏற்றிப் பார்த்தேன். முந்தின நாள் தரையிலிருந்து நூற்றுப் பதினெட்டு சென்டிமீட்டர் ஏறிய விரல் நூற்றுப் பதினொன்றில் நின்றது. அதற்குப் பிறகும் ஐந்து முறை போனேன். அந்த ஐந்தை நினைத்தால்தான் இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

"ஏன் போய்த் தொலையிறீங்க?" என்று கேட்டாள் மனைவி.

"நிறுத்துனா சம்பந்தி காதுக்குப் போகும். அவரு அனுப்பின ஆள மதிக்கலன்னு ஆயிடும். பொண்ண குடுத்திருக்கோம்."

"பொண்ணத்தான குடுத்தோம்? தோளையுமா குடுத்தோம்?"

அவளே விசாரித்து, சிதம்பரத்தில் அண்ணாமலை நகர் பக்கம் ஒரு அம்மா இருப்பதாகச் சொன்னாள். பிசியோதெரபி படித்தவர். கோயிலுக்குப் போவதாக மகளிடம் பொய் சொல்லிவிட்டு, இடது கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் போனேன்.

அந்த அம்மா எண்ணெயைத் தொடவே இல்லை. பத்தொன்பது நிமிடம் கேள்வி கேட்டார். என்ன வேலை செய்ய முடியவில்லை என்றார். சட்டை போட முடியவில்லை என்றேன். கழற்றச் சொல்லி, நான் படும் பாட்டைப் பக்கத்தில் நின்று பார்த்தார்.

"யாரு சார் இப்படி இழுத்தது?"

கழற்றிய சட்டையை இடது கையால் மடிக்க ஆரம்பித்தேன்.

"சொல்லாட்டி போங்க. ஆனா வலிச்சா உடனே சொல்லணும். மரியாதைக்காகப் பொறுத்துக்கிட்டு படுத்திருந்தீங்கன்னா என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

மூன்றாவது முறை போனபோது, வெளியே பெஞ்சில் கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு சம்பந்தி உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் துண்டை அவிழ்க்கப் போனார்.

"எவ்ளோ நாளா வர்றீங்க?" என்றேன்.

"எட்டு மாசமா." தலையைக் குனிந்துகொண்டார். "அவன்கிட்ட ரெண்டு தடவ படுத்தேன், கழுத்து புடிச்சுக்கிச்சு. சொந்தக்காரப் பய, புதுசா கடை போட்டிருக்கான், நாலு பேர அனுப்புங்கன்னு வீட்ல ஒரே நச்சரிப்பு."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?"

"நீங்க ஒரு நாள் தவறாம வர்றீங்கன்னு அவன் சொன்னான் சம்பந்தி. உங்களுக்குப் புடிச்சிருக்காக்கும்னு நெனச்சேன். வேணாம்னு சொன்னா நீங்க தப்பா எடுத்துக்குவீங்களோன்னு…"

மகள் கல்யாணமாகிப் பதினான்கு வருடத்தில் அவரிடம் நான் குரல் உயர்த்தியதில்லை. அன்று உயர்த்தினேன். "ஏழு சென்டிமீட்டர் போச்சுய்யா எனக்கு!" 'ய்யா' என்று சம்பந்தியைச் சொன்னது நானேதான். அவர் விழித்தார். கதவைத் திறந்து அந்த அம்மா எட்டிப் பார்த்தார்.

"இங்க சத்தம் போடக் கூடாது. யாரு முதல்ல வர்றீங்க?"

"அவுங்க போகட்டும்" என்றார் சம்பந்தி. அவர்தான் முன்னால் வந்தவர். இல்லை, நீங்கள் போங்கள் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. விழுங்கிவிட்டு உள்ளே போனேன்.

தோளின் பின்பக்கம் கட்டைவிரல் அழுந்தியது. "வலிக்குதும்மா, நிறுத்துங்க" என்று வெளியே கேட்கும்படி சொன்னேன். அவர் நிறுத்தினார். விரலை அரை அங்குலம் தள்ளி மறுபடி வைத்தார்.

சட்டையை நானே மாட்டிக்கொள்ள அதற்குப் பிறகு ஒன்பது வாரம் ஆயிற்று. மஞ்சக்குப்பத்தில் பாழாக்கியதைவிட இரண்டு வாரம் குறைவு.