ரெஜினா மன்னிக்காதவர்கள்

காந்திபுரத்தில் ஒரு ஜவுளிக்கடையின் இரண்டாம் மாடியில் அண்ணன் மகள் கல்யாணத்துக்குப் புடவை பார்த்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. நம் பழைய மாணவியரின் வாட்ஸப் குழுவில் ஒரே வரி: 'வணிகவியல் துறை ரெஜினா மேடம் இன்று காலை காலமானார்.' விரித்துப் போட்ட புடவைகளை மடிக்கச் சொல்லிவிட்டு அங்கிருந்த முக்காலியில் உட்கார்ந்தேன். பத்து நிமிடத்துக்குள் கும்பிடும் கைகள் வந்து குவிந்தன. அவற்றுக்கு நடுவே, ஓய்வு பெற்ற துணை முதல்வர் எழுதிய ஒரு நீண்ட இரங்கல். 'ரெஜினா எனக்கு மகளைப் போன்றவள். அவள் திறமையை முதலில் கண்டுகொண்டு மேடையேற்றியவள் நான் என்பதில் எனக்குப் பெருமை' என்று முடித்திருந்தார். அதற்கு உங்களில் பலர் இதயம் போட்டிருந்தீர்கள்.

அந்த இரங்கல் வராமல் இருந்திருந்தால் நானும் வழக்கம்போல நல்லதாக நாலு வார்த்தை எழுதியிருப்பேன். இப்போது முடியவில்லை. துணை முதல்வரின் பெயரை நான் எழுதப் போவதில்லை. மேடம் என்று மட்டும் சொல்கிறேன். நம் கல்லூரியில் படித்தவர்களுக்கு அது போதும்.

ரெஜினாவும் நானும் ஒரே வருடம் சேர்ந்தோம். அவள் பி.காம்., நான் தமிழ். அவள் காரமடையிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாள். அப்பா அம்மா இருவரும் கறிவேப்பிலைத் தோட்டங்களில் கூலிக்குப் போனவர்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் மாதா கோயில் பாடற்குழுவில் பாடிப் பழகிய குரல் அவளுடையது. இரண்டாம் வருடம் ஆண்டு விழாவுக்கு இசை நாடகம் போடுவதென்று முடிவானது. மழை பெய்யாத நாட்டின் ராணி ஒருத்தி மேகத்தோடு வழக்காடும் கதை. ராணிக்கு மட்டும் எட்டுப் பாட்டு. வேடத்துக்கான தேர்வு நடந்த அன்று ரெஜினா இரண்டு வரி பாடி முடித்ததும் மற்ற பெண்கள் பெயர் கொடுக்காமலே எழுந்து போய்விட்டார்கள். போனவர்களில் நானும் ஒருத்தி.

மூன்று வாரம் ஒத்திகை நடந்தது. விழாவுக்கு இரண்டு நாள் முன்பு, உடையோடு ஒத்திகை பார்க்க மேடம் வந்தார். அப்போது அவர்தான் கலை நிகழ்ச்சிகளுக்குப் பொறுப்பு. ராணி உடையில் நின்ற ரெஜினாவைக் கூப்பிட்டு, காரமடையில் எந்தப் பக்கம் என்று விசாரித்தார். கோயிலுக்குப் பின்னால் இருக்கும் காலனி என்றாள். அப்பா என்ன செய்கிறார் என்று கேட்டார். அதையும் சொன்னாள். பிறகு மேடம் சொன்னதை, அந்த ஹாலில் இருந்த முப்பது பேரும் கேட்டோம்.

"குரல் இருக்குது உனக்கு. ஆனா ராணின்னா ஒரு களை வேணுமில்ல? அது உனக்கு வராது. பின்வரிசையில நின்னு பாடு. லைட் உம்மேல படாமப் பாத்துக்க."

சொல்லிவிட்டுச் சுற்றிப் பார்த்தார். கை என்னைக் காட்டியது. என் அப்பாவுக்குத் தோட்டம் இருந்தது, கல்லூரி நிர்வாகத்தில் செல்வாக்கும் இருந்தது. எனக்குச் சுமாராகப் பாட வரும். இரண்டு நாளில் எட்டுப் பாட்டையும் எனக்குச் சொல்லிக் கொடுக்கும்படி ரெஜினாவுக்கு உத்தரவானது. அவள் சொல்லிக் கொடுத்தாள். ஒரு இடத்தில்கூட வேண்டுமென்றே தப்பாகச் சொல்லித் தரவில்லை. மூச்சை எங்கே எடுக்க வேண்டும் என்பதுவரை சொன்னாள். முடிந்ததும் நான் தேங்க்ஸ் என்றேன். அந்த ஒரு வார்த்தைதான் எனக்கு வந்தது. வேண்டாம் என்ற வார்த்தை வரவில்லை.

"சரிங்க" என்றாள்.

அதுவரை என்னை நீ, வா, போ என்று பேசியவள். நம் ஊரில் ங்க போட்டுப் பேசுவது மரியாதை. சொந்தத் தங்கச்சியைக்கூட வாங்க என்பவர்கள் உண்டு. ரெஜினா எனக்குப் போட்ட ங்க மரியாதைக்காக அல்ல. அன்று போட்டதை அவள் பிறகு ஒருநாளும் எடுக்கவில்லை. இங்கே அவள், இவள் என்று எழுதுகிறேனே தவிர, நேரில் அந்த உரிமை எனக்கு இருந்ததில்லை.

படித்து முடித்து, தகுதித் தேர்வும் எழுதி, அவள் வேறெங்கோ போய்விடுவாள் என்று நினைத்தேன். சரவணம்பட்டியில் ஒரு கல்லூரி அவளை நல்ல சம்பளத்துக்குக் கூப்பிட்டது. அதை விட்டுவிட்டு நம் கல்லூரிக்கே விரிவுரையாளராக வந்தாள். அதற்கு முந்தின வருடம்தான் நான் தமிழ்த் துறையில் சேர்ந்திருந்தேன். ஏன் இங்கே வந்தீர்கள் என்று கேட்டேன். "இங்கதானுங்க எனக்கு வேலை இருக்குது" என்றாள். கிட்டத்தட்ட இருபது வருடம் ஒன்றாக மதியச் சாப்பாடு சாப்பிட்டோம். என் டப்பாவிலிருந்து பொரியல் எடுத்துக்கொள்வாள். எனக்குக் காய்ச்சல் வந்தால் வீடு தேடி வருவாள். நெருங்கிய தோழிகள் என்று எல்லோரும் சொன்னீர்கள். அது பொய்யல்ல. ஆனால் அவள் என்னை மன்னிக்கவும் இல்லை. இரண்டும் ஒரே டப்பாவில் இருந்தன.

கோபத்தை வைத்துக் காப்பாற்றுவதில் அவளைப் போல ஒருத்தியை நான் பார்த்ததில்லை. ஒரு டவுன் பஸ்ஸில் கண்டக்டர் ஒருவர் அவளுடைய விடைத்தாள் கட்டைக் காலால் நகர்த்தினார் என்பதற்காக, பதினோரு வருடம் அந்த நம்பர் பஸ்ஸில் ஏறவில்லை. மழையில் அடுத்த நிறுத்தம்வரை நடப்பாள். அந்தக் கண்டக்டர் இந்நேரம் ரிட்டையர் ஆகியிருப்பார் என்று ஒருநாள் சொன்னேன். "பஸ் ரிட்டையர் ஆகலீங்களே" என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள்.

ஆறு வருடத்துக்கு முந்தைய ஆண்டு விழா உங்களுக்கு நினைவிருக்கும். அப்போது மேடம் துணை முதல்வர். அந்த மாதத்தோடு ஓய்வு பெறுகிறார், விழாவில் அவருக்குப் பாராட்டு. அதனால் பழைய மாணவியர் நிறையப் பேர் வந்திருந்தீர்கள். இசை நாடகம் மறுபடியும் வேண்டும் என்று முதல்வர் ஆசைப்பட்டார். ரெஜினா தானே எழுதி, மெட்டும் போடுவதாகச் சொல்லிப் பொறுப்பை வாங்கிக்கொண்டாள். ஊர் ஊராகப் போகும் ஒரு நாடகக் கம்பெனியின் கதை. அதன் முதலாளியம்மா, நன்றாகப் பாடும் ஒரு பெண்ணைக் கம்பெனியிலிருந்து துரத்திவிடுகிறாள்.

மேடத்தின் மகள் நிவேதா அப்போது நம் கல்லூரியில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டிருந்தாள். தேர்வுக்கு அவளும் வந்தாள். ரெஜினா அவளைத் திருப்பி அனுப்பிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். அவள் முதலாளியம்மா வேடத்தை, நாடகத்திலேயே பெரிய வேடத்தை, நிவேதாவுக்குக் கொடுத்தாள். உண்மையில் அந்தப் பெண்ணுக்குத்தான் அது பொருந்தியது. மேடம் ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் மைசூர்பாகு கொடுத்தார். ரெஜினாவும் ஒன்று எடுத்துக்கொண்டாள்.

எழுத்துப் பிழை பார்க்க நாடகம் என்னிடம் வந்தது. மூன்றாம் காட்சியில், முதலாளியம்மா பேசும் இடத்தில், எனக்குத் தெரிந்த வார்த்தைகள் இருந்தன. குரல், களை, பின்வரிசை, லைட். ஒன்றும் மாறவில்லை. அப்போது நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதைத் தடுத்திருக்கலாம். ஒரு ஒற்றுப் பிழையைத் திருத்தித் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். என் பங்குக்கு நான் செய்தது அது. அதற்காக இன்றுவரை வருத்தப்பட்டதில்லை.

விழா அன்று மேடம் முதல் வரிசையில், பட்டுப் புடவையில், சிறப்பு விருந்தினருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். மகள் மேடைக்கு வந்தபோது முதலில் கைதட்டியவர் அவர்தான். மூன்றாம் காட்சி வந்தது. நிவேதா அந்த வரிகளைத் தெளிவாக, அம்மாவின் ஏற்ற இறக்கம் அப்படியே இருக்க, பேசினாள். வீட்டில் கேட்டு வளர்ந்த குரலல்லவா. நம் செட் பெண்கள் ஐந்தாம் வரிசையில் இருந்தீர்கள். உங்கள் தலைகள் ஒவ்வொன்றாக முதல் வரிசைப் பக்கம் திரும்பியதை நான் மேடை ஓரத்திலிருந்து பார்த்தேன். மேடம் விசிறிக்கொண்டிருந்த நிகழ்ச்சி நிரல் மடியில் இறங்கியது. அடுத்துப் பாட்டு. துரத்தப்பட்டவள் போனதும் பின்வரிசைப் பெண்கள் அத்தனை பேரும் வாயை மூடிக்கொண்டு நிற்க, முதலாளியம்மா தனியாகப் பாட வேண்டும். நிவேதா பாடினாள். அந்தப் பாட்டு முடியும்போது முதல் வரிசையில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது. பாராட்டுரையை முதல்வர் அந்த நாற்காலியைப் பார்த்து வாசித்தார்.

விழா முடிந்து சாமான்களைக் கட்டும்போது ரெஜினா என்னிடம் சொன்னாள்: "நீங்க ராணியா நின்னீங்களே, அன்னிக்கு நானும் பின்னால வாயத் தொறக்கவே இல்லீங்க. சும்மா அசைச்சேன். யாருமே கண்டுபிடிக்கல." எனக்கு அது தெரியாது. அன்று பாடற்குழு சத்தம் குறைவாக இருந்ததற்கு மைக்கைத்தான் குறை சொன்னோம்.

இதை நான் வெற்றி என்று முடித்துவிடலாம். ஆனால் நிவேதா இருக்கிறாள். மூன்றாம் நாள் அவள் வணிகவியல் துறைக்கு வந்தபோது நானும் அங்கே இருந்தேன். அம்மா தன்னோடு பேசுவதே இல்லை என்றாள். அந்த வசனம் அம்மா சொன்னதா என்று கேட்டாள்.

"ஆமாங் கண்ணு" என்றாள் ரெஜினா.

"எங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாமுங்க மேடம்."

"சொல்லியிருந்தா நீ நடிச்சிருக்க மாட்டே."

அந்தப் பெண் அழவில்லை. நோட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இந்தப் புள்ளைக்குத் தப்புப் பண்ணிப்போட்டேன் என்றாள் ரெஜினா. கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுவிடுங்களேன் என்றேன். "கேக்க மாட்டேனுங்க. பெரியவங்க கேட்டா அது மன்னிச்சே ஆகோணும். பாவம், அதுக்கு அந்தக் கோவமாச்சும் இருக்கட்டும்."

அடக்கத்துக்குக் காரமடை போனவர்கள் நிவேதாவைப் பார்த்திருப்பீர்கள். பெங்களூரில் வேலை பார்க்கிறவள், முந்தின மாலையே பஸ் ஏறி வந்திருக்கிறாள். கல்லறைத் தோட்டத்தில் கூட்டத்தைவிட்டுத் தள்ளி நின்றாள். நான் பக்கத்தில் போனேன். வருடா வருடம் கிறிஸ்துமஸுக்கு ரெஜினா வாழ்த்து அனுப்புவாள் என்றும், தான் ஒன்றுக்கும் பதில் போடவில்லை என்றும் சொன்னாள்.

"நான் இன்னும் அவங்கள மன்னிக்கலீங்க" என்றாள்.

தெரியும் என்றேன். மண் போட வரிசையில் நின்றார்கள். அவளும் போய் நின்று, முறை வந்தபோது ஒரு கைக்கு இரண்டு கையாக அள்ளிப் போட்டாள்.

சாவதற்குப் பன்னிரண்டு நாள் முன்பு, மருத்துவமனையில், நான் ரெஜினாவிடம் மன்னிப்புக் கேட்டேன். நிவேதா விஷயத்தில் அவள் சொன்னது தெரிந்தும் கேட்டேன். அன்று அந்த வேடம் வேண்டாம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும் என்றேன். அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். பரவாயில்லை என்று சொல்வாள் என எதிர்பார்த்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

"ஆமாங்க" என்றாள். "சொல்லியிருக்கோணும்."

பிறகு வெயில் முகத்தில் அடிக்கிறது, திரையை இழுத்துவிடுங்கள் என்றாள். இழுத்துவிட்டேன். பார்வையாளர் நேரம் முடியும்வரை கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். போகச் சொல்லவில்லை.

ரெஜினாவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது அந்தப் பதில். எத்தனையோ பேர் எனக்கு எத்தனையோ முறை பரவாயில்லை என்று சொல்லியிருக்கிறார்கள். அவற்றில் ஒன்றுகூட இப்போது நினைவில்லை. உண்மையைக் கேட்கத் தகுந்தவள் என்று அவள் என்னை நினைத்தாள்.

மேடம், இதை நீங்களும் படிப்பீர்கள். அவள் அந்த அறையில் நாற்பது நாள் இருந்தாள். உங்கள் வீட்டிலிருந்து ஆட்டோவில் கால் மணி நேரம். ஒருநாள் வந்து கேட்டிருந்தால் உங்களுக்கும் ஒரு பதில் கிடைத்திருக்கும். இனிக் கிடைக்காது.