ரயில் மோட்டாருக்கு நூற்றெட்டுப் போற்றி

எனக்கு வெளியாட்களிடம் பேச வராது. பாசாரில்கூட மீனை விரலால் காட்டி, தலையசைத்தே வாங்கி வந்துவிடுவேன். நாள் முழுக்கச் சேர்ந்த பேச்செல்லாம், சாயங்காலம் என் வீட்டுக்காரர் பட்டர்வொர்த்திலிருந்து ஃபெரியில் திரும்பிய பிறகுதான் வெளியே வரும். அவர் அங்கே ரயில் ஆபிஸில் கிளார்க். சட்டையைக் கழற்றுவதற்குள் நான் ஆரம்பித்துவிடுவேன். அவர் "ம்" கொட்டிக்கொண்டே தேத்தண்ணி குடிப்பார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பதுகளில் அவர் ஓய்வு பெற்றபோது எனக்கு உள்ளூரச் சந்தோஷம். இனி பகலிலும் ஒரு காது வீட்டிலேயே இருக்கும் என்று நினைத்தேன். அந்தக் காதை ஒரு பொம்மை ரயில் கொண்டுபோய்விட்டது.

பழைய சாமான் சந்தையில் வாங்கி வந்தார். ஒரு சாண் நீளத்தில் கறுப்பு இன்ஜின், கூடவே ஒரு கட்டுத் தண்டவாளம்.

"ஓடுமாங்க?"

"ஓடுற இன்ஜினை யாரு விப்பா? நான் ஓட வைக்கிறேன் பாரு."

டத்தோ கிராமாட்டில் நாங்கள் இருந்த வீட்டில் நல்ல வெளிச்சம் விழுவது சமையலறை மேஜை மேல்தான். அதைப் பிடித்துக்கொண்டார். நான் காய் நறுக்கத் தரைக்கு இறங்கினேன்.

திறந்து பார்த்தால் மோட்டார் கருகிக் கிடந்தது. உள்ளே சுழலும் இரும்புத் துண்டுக்கு மூன்று கைகள். ஒவ்வொரு கையிலும் தலைமுடி போல மெல்லிய செம்புக் கம்பி சுற்றியிருக்கும். பழையதைப் பிரித்து, எத்தனை சுற்று என்று எண்ணி, அதே அளவு புதுக் கம்பி சுற்ற வேண்டுமாம். ஆயுசு முழுக்க மூட்டையும் பெட்டியும் எண்ணியவருக்கு இது ஒரு வேலையா? ஆனால் நான் பக்கத்தில் இருந்தேனே.

"நாப்பத்தாறு, நாப்பத்தேழு..."

"ஏங்க, எதிர்வீட்டு அக்கா மகன் ஸ்கூட்டர் வாங்கியிருக்கான்."

"எப்போ? நாப்பத்து... அட போ! எங்க விட்டேன்?"

"எப்போன்னு கேட்டீங்க."

கருகிய கம்பி துண்டு துண்டாக வந்தது. மறுபடி எண்ணவும் வழியில்லை. மூன்று கைக்கும் எண்ணியதில் மூன்று விதக் கணக்கு வந்தது. கடைசியில், மோட்டாருக்குக் கம்பி சுற்றும் கடைக்குப் போய்ப் புதுக் கம்பியோடு வந்தார். "நூத்துச் சொச்சம் இருக்கும், மூணு கையிலயும் ஒரே எண்ணிக்கையா இருந்தா போதும்லா அண்ணே," என்று கடைக்காரர் சொன்னாராம். அதோடு எனக்குத் தடை உத்தரவும் வந்தது.

"நான் சுத்தி முடிக்கிற வரைக்கும் நீ வாயே திறக்கக் கூடாது."

திறக்கவில்லை. கீரை ஆய்ந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். தெருவில் ரொட்டிக்காரர் ஹார்ன் அடித்தார். கணக்குப் போயிற்று. அவர் என்னை முறைத்தார். 

"நான்தான் பேசவே இல்லையே!"

"பேசப் போறேன்னு மூஞ்சியில தெரியுது."

இப்படியே நாட்கள் போயின. அவர் சுற்றுவார், எண்ணிக்கை தவறும், பிரிப்பார். எனக்கோ சொல்ல வேண்டியதெல்லாம் நெஞ்சில் சேர்ந்து சோறே இறங்கவில்லை. இந்த இன்ஜின் ஓடினால்தான் எனக்கு வாய் என்று ஆகிவிட்டது. யோசித்து யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன்.

"வெள்ளிக்கிழமை கோயில்ல நூத்தெட்டுப் போற்றி சொல்றோமில்ல? நான் ஒரு போற்றி சொன்னா நீங்க ஒரு சுத்து சுத்துங்க. போற்றி முடிஞ்சா ஒரு கை முடிஞ்சுது."

"இன்ஜினுக்கு அர்ச்சனையா?" என்று சிரித்தார். ஆனால் கம்பியை எடுத்துக்கொண்டார்.

"முருகா போற்றி." ஒரு சுற்று. "வேலா போற்றி." இன்னொரு சுற்று. வாய் திறந்த சந்தோஷத்தில் என் வேகம் கூடிவிட்டது.

"மெதுவா லா! சாமி ஓடுறாரு, கம்பி ஓடல."

ஒரே மத்தியானத்தில் மூன்று கையும் முடிந்தன. கம்பி நுனியில் இருந்த பூச்சைச் சுரண்டி, ஈயம் வைத்துப் பற்றவைத்து, மோட்டாரை மாட்டி, இன்ஜினைத் தண்டவாளத்தில் வைத்தார். ஓடியது! ஓடியது என்றால், நொண்டி நொண்டி ஓடியது. கால் சுளுக்கிய ஆள் பஸ்ஸைப் பிடிக்கப் போவதுபோல.

அவர் மோட்டாரைக் கழற்றி மூக்குக்கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒரு கை மெலிந்திருந்தது. சுற்றியதையெல்லாம் பிரித்து எண்ணினார். முதல் கையில் நூற்றெட்டு. இரண்டாவதில் கொஞ்சம் குறைவு. மூன்றாவதில் தொண்ணூற்றேழு.

"பதினோரு முருகனைக் காணோம்," என்றார். "எங்க வெச்சே?"

"கோயில்ல கூட்டத்தோட சொல்லுவேன். மறந்தா, பக்கத்துல உள்ளவங்க சொல்லுவாங்க."

"நீ?"

"உதட்டை அசைப்பேன்."

கண்ணில் தண்ணீர் வர அவர் சிரித்தார். "இத்தனை வருஷமா சாமியையே ஏமாத்தியிருக்கியே!"

"நீங்க எனக்கு 'ம்' கொட்டுற மாதிரிதான்," என்றேன்.

எப்படி வாயில் வந்ததோ, தெரியவில்லை. அவர் சிரிப்பு நின்றுவிட்டது. ஸ்குரூ டிரைவரை மேஜை மேல் உருட்டிக்கொண்டிருந்தார்.

"கேட்டுக்கிட்டுதான் இருந்தேன்."

"அப்படின்னா, எதிர்வீட்டுப் பையன் என்ன வாங்கினான்?"

"ஸ்கூட்டர்."

"என்ன கலரு?"

"அதை நீ சொல்லவே இல்லையே. அதுக்குள்ளதான் நான் கத்திட்டேனே."

எழுந்து போய் அடுப்படியிலிருந்து தீப்பெட்டியை எடுத்து வந்தார். குச்சிகளை மேஜையில் கொட்டினார். பத்துச் சுற்று ஆனால் ஒரு குச்சியை நகர்த்தி வைப்பாராம்.

"கணக்கை இது பாத்துக்கும். நீ பேசு."

பேசு என்றதும் எனக்கு ஒன்றும் வரவில்லை. வெளியாள் முன்னால் நிற்பதுபோல் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் காத்திருந்தார். அப்புறம், நிபோங் திபாலில் இருக்கும் மகளின் மாமியார், வீட்டுக்கு வந்தவர்களிடம் மகள் சுட்ட முறுக்கைத் தான் சுட்டதாகச் சொல்லிக்கொண்ட கதையை மெல்ல ஆரம்பித்தேன். அவர் சுற்றிக்கொண்டே, "மகள் ஒண்ணும் சொல்லலையா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு எனக்குத் தங்குதடை இல்லை.

இன்ஜின் நொண்டாமல் மேஜையைச் சுற்றி வந்தபோது நான் இன்னும் பாதிக் கதையில்தான் இருந்தேன். அவர் அது ஒரு சுற்று வருவதைப் பார்த்தார். உடனே கரண்ட்டை நிறுத்திவிட்டு, என் பக்கம் திரும்பி, "அப்புறம்?" என்றார்.